ஆங்கில மரபுத்தொடர்களைப் பேச்சில் கையாள்வது எப்படி? மதுரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சித்திரை வீதிப் பக்கம் சுங்குடிச் சேலைக்கு விலை சொன்னதும் வெளிநாட்டுப் பயணி 'தட்ஸ் எ ஸ்டீல்!' (ஸ்டீல் என்றால் திருட்டு) என்றால் கடைக்காரர் முகம் சுருங்க வேண்டியதில்லை. விலை மிகக் குறைவு, வாங்குகிறவருக்கு அது யோகம் என்றுதான் அதற்குப் பொருள். 'தட்ஸ் எ ரிப்-ஆஃப்' என்றால் விலை அநியாயம் என்கிறார். 'டேலைட் ராபரி' என்றாலும் அதே புகார்தான். நம் ஊர் 'பகற்கொள்ளை' அப்படியே அங்கும் இருக்கிறது. மூன்றிலும் திருட்டு வருகிறது. ஆனால் ஒன்று பாராட்டு, மற்ற இரண்டும் வசவு. இலக்கணமும் சொற்பொருளும் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் இந்த வேறுபாடு தானாகப் பிடிபடாது.

ஆங்கிலத்தில் 'இடியம்' என்றும் தமிழில் மரபுத்தொடர் என்றும் சொல்வது இதைத்தான்: சொற்களைத் தனித்தனியே கூட்டினால் வராத பொருளைத் தரும் நிலைத்த தொடர். பழமொழி முழு வாக்கியமாக நின்று ஒரு கருத்தைச் சொல்லும். மரபுத்தொடர் வாக்கியத்துக்குள் ஓர் உறுப்பாக உட்காரும். இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்கிறவர்கள் தேர்வில் மதிப்பெண் வாங்கிவிட்டுப் பேச்சில் தடுமாறுகிறார்கள். யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்வது என்பதையும் சேர்த்துக் கற்றால்தான் அது கைக்கு வரும்.

முதலில் தமிழோடு உரசிப் பாருங்கள்

புதிதாக ஒன்றைக் கேட்டவுடன், இதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். தமிழ் பேசுகிறவருக்கு இது பெரிய வசதி. நம் அன்றாடப் பேச்சே மரபுத்தொடரால் ஆனது, அதனால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

சில அச்சு அசலாகப் பொருந்தும். 'பைட் த டஸ்ட்' என்பது மண்ணைக் கவ்வுவது. 'நிப் இன் த பட்' முளையிலேயே கிள்ளுவது. 'ஃபால் ஆன் டெஃப் இயர்ஸ்' செவிடன் காதில் ஊதிய சங்கு. 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்றால் கண்டும் காணாமல் விடுவது. 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப்' என்றால் கைகழுவி விடுவது. 'கில் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்' என்பதில் அவர்களுக்குப் பறவை, நமக்கு மாங்காய், கல் ஒன்றுதான். இவற்றுக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம், ஒரு முறை எழுதிப் பார்த்தால் நின்றுவிடும்.

ஆபத்து, பார்வைக்கு ஒன்றுபோல இருந்து பொருளில் வேறாக நிற்பவற்றில் இருக்கிறது. முதலிடம் 'புல்லிங் மை லெக்' என்பதற்கு. காலை இழுப்பது என்றதும் நமக்குக் 'காலை வாரி விடுவது' நினைவுக்கு வருகிறது. அது துரோகம். ஆங்கிலத்தில் இது வெறும் கிண்டல், விளையாட்டாக ஒரு பொய்யைச் சொல்லி நம்ப வைக்கப் பார்ப்பது. 'என் காதுல பூச் சுத்தாதண்ணே' என்று சிரித்துக்கொண்டே சொல்கிற இடம் எதுவோ, அங்கேதான் 'ஆர் யூ புல்லிங் மை லெக்?' வரும். கூட்டாளி கடைசி நேரத்தில் கைவிட்டதைச் சொல்ல 'ஹீ புல்ட் மை லெக்' என்றால், கேட்பவர் ஏதோ வேடிக்கை நடந்ததாக நினைத்துப் புன்னகைப்பார். கைவிட்டதற்கு 'ஹீ லெட் மீ டவுன்' என்பதே சரி.

அடுத்தது ஐஸ். 'மேனேஜருக்கு ஐஸ் வைக்கிறான்' என்பதை 'புட்டிங் ஐஸ்' என்று மாற்றிச் சொல்லிப் பயன் இல்லை. 'புட் இட் ஆன் ஐஸ்' என்றால் ஒரு வேலையைத் தள்ளிப்போடுவது. 'பிரேக் த ஐஸ்' என்றால் முன்பின் தெரியாதவர்களுக்கிடையே உள்ள தயக்கத்தைப் பேசிப் போக்குவது. நாம் வைக்கிற ஐஸுக்கு அவர்கள் வெண்ணெய் தடவுகிறார்கள்: 'ஹீ இஸ் பட்டரிங் அப் த மேனேஜர்.'

தலைக்கனத்தை 'ஹெட் வெயிட்' என்று சொல்வது தமிழ்நாட்டுக்கு வெளியே புரியாது. 'பிக்-ஹெடட்' அல்லது 'ஃபுல் ஆஃப் ஹிம்செல்ஃப்' என்று சொல்லுங்கள். அல்வா கொடுத்துவிட்டான் என்பதற்கு 'ஹீ டுக் மீ ஃபார் எ ரைட்' பொருந்தும். இதில் வண்டி எதுவும் இல்லை, ஏமாற்றியதுதான் உண்டு.

வயிற்றில் புளியைக் கரைப்பதும் 'பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்' என்பதும் ஒன்று என்று பல கையேடுகள் போடுகின்றன. அதை ஏற்க முடியாது. பட்டாம்பூச்சி மேடை ஏறுவதற்கு முன் வரும் படபடப்பு. அதில் ஆர்வமும் கலந்திருக்கும். புளி கரைவது கெட்டது நடக்கப்போகிறது என்ற பயம். மருத்துவமனையிலிருந்து நள்ளிரவில் போன் வந்தால் பட்டாம்பூச்சி பறக்காது. அங்கே 'மை ஹார்ட் சேங்க்' என்பதே பொருந்தும்.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 'உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?' என்று கேட்பது, வீட்டில் மீனாட்சி ஆட்சியா நடராஜர் ஆட்சியா என்று கேட்பது. இதற்கு பிரிட்டனில் 'ஹூ வேர்ஸ் த டிரவுசர்ஸ்?' என்பார்கள், அமெரிக்காவில் 'பேன்ட்ஸ்'. ஆனால் எடை வேறு. நம்முடையதில் இரண்டு பக்கமும் சாமி, யாருக்கும் குறைவில்லை. ஆங்கிலத்தில் அது கணவரைக் குத்துவதாக ஒலிக்கக்கூடும், பழகாதவர்களிடம் கேட்க வேண்டாம். கோயிலில் வழிகாட்டியாக இருப்பவர்கள் நம் தொடரையே சொல்லி விளக்கலாம். பயணிகள் அதை ரசிப்பார்கள், கோயிலின் மரபும் அதோடு சேர்ந்து அவர்களுக்குப் புரியும்.

எந்த ஊர் ஆட்டம் என்று கவனியுங்கள்

ஆங்கில மரபுத்தொடர்கள் பல விளையாட்டிலிருந்து வந்தவை. கிரிக்கெட்டிலிருந்து வந்தவை நமக்கு எளிது என்று தோன்றும். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. 'த நியூஸ் நாக்ட் ஹிம் ஃபார் சிக்ஸ்' என்றால் செய்தி கேட்டு அவர் ஆடிப்போய்விட்டார், நிலைகுலைந்துவிட்டார் என்று பொருள். சிக்ஸர் என்றதும் மகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே அவர் மட்டையைப் பிடித்தவர் அல்லர். எல்லைக்கு வெளியே பறந்த பந்து. 'ஆன் எ ஸ்டிக்கி விக்கெட்' என்றால் சிக்கலான நிலைமையில் மாட்டியிருப்பது. மூடாத ஆடுகளம் மழையில் நனைந்து வெயிலில் காயும்போது பந்து எப்படி எழும்பும் என்று சொல்ல முடியாது. தொடர் அங்கிருந்து வருகிறது. 'ஆஃப் ஹிஸ் ஓன் பேட்' என்றால் யாரும் சொல்லாமல் தானாகவே செய்தது. இவை பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கரிடம் சொன்னால் விழிப்பார்.

இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி பூங்காக்களில் வேலை பார்ப்பவர்களுக்கு எதிர்முனையில் பெரும்பாலும் அமெரிக்கர் இருந்தால் வருவது பேஸ்பால். 'கிவ் மீ எ பால்பார்க் ஃபிகர்' என்றால் தோராயமான எண் போதும். பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டு இரண்டு நாள் கழித்து அனுப்பினால் கேட்டவர் நோக்கம் கெட்டுவிடும். அதே அழைப்பில் '20-லிருந்து 25 நாள்' என்று ஓர் இடைவெளியாகச் சொல்லுங்கள். 'லெட்ஸ் டச் பேஸ் டுமாரோ' என்றால் நாளை சுருக்கமாகப் பேசிக்கொள்வோம் என்பது. அதற்காக முழு அறிக்கை தயாரிக்க வேண்டாம். 'கேன் ஐ டேக் எ ரெயின் செக்?' என்பது மழை நிலவரம் கேட்பது அல்ல. மழையால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் வந்து பார்க்கத் தரும் சீட்டு அது. உங்கள் அழைப்பை இப்போதைக்கு மறுக்கிறார், இன்னொரு நாள் பார்க்கலாம் என்கிறார். 'ஷ்யூர், அனதர் டைம்' என்று விட்டுவிடுங்கள், வற்புறுத்தக் கூடாது.

இவற்றைவிடக் கவனமாக இருக்க வேண்டியது 'லெட்ஸ் டேபிள் திஸ்'. பிரிட்டனில் இதற்கு விவாதத்துக்கு எடுப்போம் என்று பொருள். அமெரிக்காவில் இப்போது வேண்டாம், ஒத்திவைப்போம் என்று பொருள். நேர் எதிர். ஒரே அழைப்பில் லண்டனும் டெக்சாஸும் இருந்தால் அவர்களுக்குள்ளேயே குழம்புவார்கள். ஊகிக்காமல் 'டு யூ மீன் நவ் ஆர் லேட்டர்?' என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

விவிலியத்திலிருந்து வந்தவை இன்னொரு கூட்டம். 'அட் த இலெவன்த் ஹவர்' என்றால் பதினோரு மணி என்று பொருள் இல்லை. மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத்துக்கு வேலையாள் எடுக்கும் கதை வருகிறது. பகலை 12 மணியாகப் பிரித்த கணக்கில் பதினோராம் மணி என்பது மாலை 5 மணி அளவு. வேலை முடிய ஒரு மணி நேரம்தான் இருக்கும்போது வந்தவர்கள் அவர்கள். ஆகவே கடைசி நேரம். 'த ரைட்டிங் ஆன் த வால்' தானியேல் 5-ஆம் அதிகாரத்தில் அரண்மனைச் சுவரில் கை எழுதியது. வரப்போகும் அழிவின் அறிகுறி. கதை தெரிந்தால் பொருள் மறக்காது.

ஆனால் இணையத்தில் சுற்றும் தோற்றக் கதைகள் எல்லாவற்றையும் நம்பாதீர்கள். 'த ஹோல் நைன் யார்ட்ஸ்' (முழுசாக, ஒன்று விடாமல்) என்றதும் ஒன்பது கஜப் புடவையை நினைத்துக்கொள்வது நமக்கு எளிது. நினைவில் வைக்க அது உதவினால் நல்லது. தோற்றம் அதுதான் என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அந்தத் தொடர் எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்களுக்கே ஒத்த கருத்து இல்லை.

எது மாறும், எது மாறாது

வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறும். 'கால் இட் எ டே' (இன்றைக்கு இத்தோடு முடிப்போம்) நேற்றைப் பற்றிப் பேசும்போது 'வி கால்ட் இட் எ டே' ஆகும். உடைமைச் சொல்லும் ஆளுக்கு ஏற்ப மாறும்: மை லெக், ஹிஸ் லெக், ஹெர் லெக். பெயர்ச்சொல் மாறாது. இரண்டு கால் இருந்தாலும் ஒருவரைக் கிண்டல் செய்யும்போது 'லெக்' ஒன்றுதான். இரண்டு கண்ணாலும் பார்த்தாலும் 'கீப் அன் ஐ ஆன்' (கவனமாகப் பார்த்துக்கொள்வது) ஒருமைதான். கேக்கை ரொட்டியாக மாற்ற முடியாது, ப்ளூ மூனை ரெட் மூனாக்க முடியாது, 'க்ளவுட் நைன்' (பேரானந்தம்) பத்தாகாது.

தமிழில் 'எ', 'த' போன்ற சொற்கள் இல்லாததால் நாம் அதிகம் சறுக்குவது அங்கேதான். 'இட் வாஸ் பீஸ் ஆஃப் கேக்' தவறு. 'எ பீஸ் ஆஃப் கேக்' என்றால்தான் மிக எளிது என்ற பொருள் வரும். 'எ பீஸ் ஆஃப் த கேக்' என்று ஒரு 'த' சேர்த்தாலோ அது உண்மையான கேக் துண்டாகிவிடுகிறது. செயப்பாட்டு வினையாக மாற்றும் முன்னும் யோசியுங்கள். 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' (ரகசியம் வெளியே கொட்டப்பட்டது) சொல்லலாம். 'த பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால் யாரோ வாளியை உதைத்தார்கள், அவ்வளவுதான்.

உச்சரிப்பில் ஒரு சிறு செய்தி. தொடரை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னால் கேட்பவருக்கு அது மரபுத்தொடர் என்றே எட்டாது. ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லி, பெரும்பாலும் கடைசி முக்கியச் சொல்லில் அழுத்தம் தர வேண்டும்: 'பீஸெவ் கேக்', 'ஒன்ஸினெ ப்ளூ மூன்'. கைப்பேசியில் பதிவு செய்து மூன்று முறை கேட்டால் எங்கே துண்டாகிறது என்று உங்கள் காதே சொல்லும்.

எடை பார்த்துப் பேசுங்கள்

'அண்டர் த வெதர்' லேசான உடல்நலக் குறைவுக்கு. சளி, தலைவலி, அசதி. டெங்கு வந்து படுத்திருக்கும் அப்பாவைப் பற்றி அப்படிச் சொன்னால் நிலைமையின் தீவிரம் போய்ச் சேராது. விடுப்பு தரும் மேலாளர் ஒரு நாள் போதும் என்று நினைப்பார். 'ஹீ இஸ் சீரியஸ்லி இல்' என்று நேராகச் சொல்லுங்கள். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால் அரிதாக நடக்கும், ஆனால் நடக்கும். ஒரே ஆங்கில மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமியையும் ப்ளூ மூன் என்பார்கள். அது ஏறக்குறைய இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. நடக்கவே நடக்காது என்பதற்கு 'வென் பிக்ஸ் ஃப்ளை'.

மரணத்தைப் பற்றி 'கிக்ட் த பக்கெட்' ஒருபோதும் வேண்டாம். 'மண்டையைப் போட்டுட்டார்' என்று துக்க வீட்டில் போய்ச் சொல்வோமா? அந்த எடைதான் அதற்கும். 'பாஸ்ட் அவே' என்பதே மரியாதை. நம் ஊரில் சொல்லும் 'எக்ஸ்பயர்ட்' வெளிநாட்டவர் காதில் மருந்து, பாஸ்போர்ட் காலாவதியானது போலப் பலமாக உறுத்தும். இதன் பக்கத்திலேயே 'பாஸ்ட் அவுட்' இருக்கிறது. '2019-ல் பாஸ்ட் அவுட்' என்று சுயவிவரத்தில் எழுதினால், இந்தியாவுக்கு வெளியே அதற்கு மயங்கி விழுந்தார் என்று பொருள். 'கிராஜுவேட்டட் இன் 2019' என்று திருத்திவிடுங்கள். 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்பதற்கு 'அவுட் ஆஃப் டவுன்'. இந்திய ஆங்கிலம் தாழ்ந்தது என்பதால் இதைச் சொல்லவில்லை. ஊருக்குள் தாராளமாகப் பேசலாம். கேட்பவர் வெளியூர் என்றால் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பள்ளியில் முதலில் சொல்லிக்கொடுக்கும் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' இன்று ஆங்கிலேயர் வாயில் அபூர்வம். எல்லோருக்கும் புரியும், ஆனால் பழைய பாடப்புத்தக வாடை வீசும். 'இட்ஸ் போரிங் டவுன்' என்பதே இயல்பு. 'லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்', 'லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்ட்' இரண்டும் மேடையில் தேய்ந்துபோனவை. நேர்முகத் தேர்வில் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவே அதிகம். அலுவல் மின்னஞ்சலில் சக ஊழியருக்கு 'கீப் மீ போஸ்டட்' சரி. மேலதிகாரிக்கு 'ப்ளீஸ் கீப் மீ இன்ஃபார்ம்ட்'. ஆய்வுக் கட்டுரையிலும் சட்ட ஆவணத்திலும் ஒன்றுமே வேண்டாம்.

நோட்டுப் போடும் முறை

வாரத்துக்கு 5 போதும். 500 தொடர் அச்சிட்ட பட்டியலை அகர வரிசையில் படிப்பது ஏன் தோற்கிறது என்றால், ஒரே முக்கியச் சொல்லைக் கொண்டவை ஒரே நாளில் வந்து ஒன்றை ஒன்று அழிக்கின்றன. 'கோல்ட் ஃபீட்' கடைசி நேரத்துப் பயம், 'கோல்ட் ஷோல்டர்' முகம்கொடுத்துப் பேசாமல் ஒதுக்குவது, 'இன் கோல்ட் பிளட்' ஈவிரக்கமில்லாமல் செய்வது. மூன்றையும் திங்கட்கிழமை படித்தால் வெள்ளிக்கிழமை கால் எது, தோள் எது என்று தெரியாது. வேறு வேறு வாரங்களில் எடுங்கள்.

ஒரு தொடருக்கு அரைப் பக்கம் ஒதுக்கி ஐந்து வரி எழுதுங்கள். முதல் வரியில் முழு வடிவம், மாறும் இடத்தில் ஒரு கோடு: 'கீப் அன் ஐ ஆன் ____'. இரண்டாவது, தமிழில் ஒரே வரிப் பொருள். மூன்றாவது, யார் யாரிடம் சொல்லலாம். நான்காவது, நீங்கள் கேட்ட அல்லது படித்த அதே வாக்கியம், மாற்றாமல். ஐந்தாவது, உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். மாட்டுத்தாவணியில் பக்கத்து இருக்கைக்காரரிடம் 'அண்ணே, பையைக் கொஞ்சம் பாத்துக்கங்க, ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்' என்போம் அல்லவா, அதுதான் 'குட் யூ கீப் அன் ஐ ஆன் மை பேக்?' ஐந்தாவது வரி எழுத வரவில்லை என்றால் அந்தத் தொடர் உங்களுக்கு இப்போது தேவையில்லை. அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

எழுதிய மறுநாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 21-ஆம் நாள் ஆங்கிலத்தை மூடிவைத்துத் தமிழ்ப் பொருளைப் பார்த்துத் தொடரைச் சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் கேட்டுப் புரிந்துகொள்ள மட்டும். பிறகு நண்பர்களுக்கான வாட்ஸ்அப்பில். அதன் பிறகே வாயில்.

அகராதியில் தேடும்போது தொடரில் உள்ள முக்கியப் பெயர்ச்சொல்லில் தொடங்குங்கள். 'லெக்' என்ற இடத்தில் இல்லையென்றால் 'புல்' என்ற இடத்தில் இருக்கும். ஆங்கிலம்-தமிழ் அகராதி பொருளைத் தரும், எடையைச் சொல்லாது. மொழி கற்பவர்களுக்கென்று வரும் ஆங்கில-ஆங்கில அகராதியில் 'இன்ஃபார்மல்', 'ஓல்ட்-ஃபேஷன்ட்', 'பிரிட்டிஷ்' என்று சாய்வெழுத்தில் குறிப்பு இருக்கும். அந்தச் சிறு எழுத்தையே முதலில் படியுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்தும் வேலையை முடிக்கலாம்.

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: நான்கு விடைகளில் ஒன்று சொல்லுக்குச் சொல் பொருளாகவும், இன்னொன்று நேர் எதிராகவும் இருப்பது உண்டு. அப்படி இருந்தால் இரண்டையும் முதலில் அடித்துவிட்டு மீதி இரண்டுக்குள் விடையைத் தேடுங்கள்.

பேச்சின் நடுவே தெரியாத தொடர் வந்தால் தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். விலை, தேதி, ஒப்புதல் ஆகிய மூன்றில் ஒன்று அதில் அடங்கியிருந்தால் கேட்டே ஆக வேண்டும். 'சாரி, ஐ ஹேவ்ன்ட் ஹேர்ட் தட் ஒன் பிஃபோர். வாட் டஸ் இட் மீன்?' என்று கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை; ஆங்கிலம் பேசுகிற வேறு வேறு நாட்டுக்காரர்களும் தங்களுக்குள் இப்படிக் கேட்டுக்கொள்கிறவர்கள்தான். அவர் விளக்கியதும் 'ஸோ யூ மீன்...' என்று தொடங்கி உங்கள் சொந்தச் சொல்லில் ஒரு முறை திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். நோட்டில் நான்காவது வரிக்கு அவர் முதலில் சொன்ன வாக்கியத்தையே எழுதிக்கொள்ளலாம்.